முந்தி வந்த குரல்

நெட்டமலையின் மூன்றாம் மடிப்பில், ஏறுகிறவனின் முழங்கால் அவனோடு சண்டைக்கு நிற்கிற இடத்தில், கூப்பிட்டான் பாறை என்று ஒரு பாறை பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அதில் ஏறி நின்று குகையாண்டவரைக் கூப்பிட்டால் எதிர்ச்சாரல் அதை மூன்று தடவை திருப்பிச் சொல்லும். சொன்னால் மேலே போக உத்தரவு, சொல்லாவிட்டால் வந்த வழியே இறங்கிவிட வேண்டும் என்பது வழக்கம். சொல்லாமல் விட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. மாசி பிறந்து சித்திரை முடிகிற வரைக்கும், விரதம் இருந்தவன் கூப்பிட்டாலும் இல்லாதவன் கூப்பிட்டாலும், தொண்டை கட்டியவன் கூப்பிட்டாலும் தோளில் கிடக்கிற பிள்ளை அழுதாலும், மலை ஒரே மரியாதையோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் மழை பொய்த்துக் காய்ந்து, மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மொத்த மழையும் ஒரே வாரத்தில் கொட்டி, நான்காம் மடிப்பில் பழைய தடத்தைப் பாதியில் வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வந்த மாசியில்தான் பதில் முந்தி வர ஆரம்பித்தது.

முதலில் கேட்டவர் ஒரு லாரி டிரைவர். பாறையில் ஏறி, துண்டை இடுப்பில் கட்டி, மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள், எதிரே இருந்து அவருடைய குரலே "ஆண்டவா" என்று மூன்று தடவை வந்துவிட்டது. சற்று நேரம் நின்று பார்த்தார். கூப்பிடாமல் போனால் மரியாதையாக இருக்காது என்று நினைத்து அவரும் கூப்பிட்டார். அதற்கு மலை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதையே எத்தனை தடவை சொல்லும், அதற்கும் வாய் வலிக்காதா என்று பாறையடியில் மோர் விற்றுக்கொண்டிருந்த துளசியக்கா கேட்டாள். டிரைவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மேலே போய்க் கும்பிட்டுவிட்டு, இறங்கும்போது இன்னொரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அரை மூச்சு முந்தி வந்த பதில், அடுத்த வாரம் ஒரு அடுப்பு பற்றுகிற நேரம் முந்தி வந்தது. மாசி முடிவதற்குள் ஒரு பொழுது முந்தி வந்தது. விடிந்தும் விடியாமலும் பாறை வெறுமனே கிடக்க, எதிர்ச்சாரலில் நூறு பேரின் குரல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். மத்தியானம் அந்த நூறு பேரும் வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்து, தங்கள் பங்குக்குக் கூப்பிட்டுவிட்டுப் போவார்கள். அடிவாரத்தில் புளியம்பதி ஊர்க்காரர்கள் இதற்காக வேலையை நிறுத்திவிட்டு மூக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கவில்லை. அன்னதானக் கூடத்துச் சமையற்காரர் காலையில் குரல்களைக் கேட்டு வந்து அரிசி அளந்து போட்டார். கோயில் கமிட்டித் தலைவர் வேலுச்சாமி, அன்றைக்கு எந்தெந்த ஊர்க்கூட்டம் வருகிறது என்று பேச்சுவழக்கை வைத்தே கண்டுபிடித்து மைக்கில் வரவேற்பு சொன்னார். வனக்காவலர் தன் பதிவேட்டில் "எதிரொலி வழக்கம்போல் உள்ளது, முன்கூட்டி வருகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாறைக்கு நேர் கீழே சுக்குக் காப்பிக் கடை போட்டிருந்த பூவாத்தா, காலையில் கேட்ட குரல்களில் பெண் குரல் எத்தனை, இருமல் எத்தனை என்று பார்த்து, அதற்குத் தக்கபடி சுக்கை இடித்தாள்.

இந்தப் பூவாத்தாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பூவாத்தாவுக்கு நாற்பத்திரண்டு வயது. புருஷன் சென்னியப்பன் அதே மலையில் சுமை தூக்குகிறவர். தண்ணீர் கேன், சிலிண்டர், குகைக்கோயிலுக்கு எண்ணெய், முடியாமல் விழுந்த பக்தரை உட்காரவைத்து நான்கு பேர் சுமக்கிற டோலி, எல்லாம் அவர் தோளில் ஏறி இறங்கியவை. இருபது வருஷமாக அந்தத் தடத்தில் நடந்து நடந்து, கண்ணை மூடிக்கொண்டு போகச் சொன்னாலும் போவேன் என்று சொல்லுகிறவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பூவாத்தா ஒரு தடவைகூட அவர் பெயரைத் தன் வாயால் சொன்னதில்லை. புளியம்பதியில் புருஷன் பெயரைச் சொல்லுகிற பெண்கள் இல்லை. சொன்னால் அவன் ஆயுசில் ஒரு பிடி குறையும் என்பார்கள். ரேஷன் கடையில் கேட்டால், "அதானுங், முருகன் மலை ஒண்ணு இருக்குதுங்கல்ல, அந்தப் பேரு" என்பாள். மகள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் பிடிவாதமாகக் கேட்க, வராந்தாவில் போன யாரையோ கூப்பிட்டுச் சொல்லவைத்தாள். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் "ஏனுங்", கோபம் என்றால் அதுவும் இல்லை, பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டுவாள். அதற்கே அவர் திரும்பிவிடுவார்.

பங்குனி பிறந்ததும் மலை வேறு குரல்களையும் சொல்ல ஆரம்பித்தது. அதுவரைக்கும் பாறையில் நின்று கூப்பிட்டதை மட்டும்தான் முந்திச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அடிவாரம் தொடங்கித் தடத்தில் எந்த மடிப்பில் யார் என்ன சத்தம் போடப்போகிறார்களோ அதெல்லாம் வந்தது, அதுவும் எத்தனை நாள் முந்தி என்ற கணக்கில்லாமல் வந்தது. ஒரு நாள் காலை ஒருவன் "ஐயோ காலு" என்று கத்துவது கேட்டது. நான்கு நாள் கழித்து அந்தக் குரலுக்குரியவன் ஐந்தாம் மடிப்பில் கணுக்கால் முறிந்து, அதே சொல்லை அதே மாதிரி கத்தினான். டோலியில் அவனை இறக்கிக்கொண்டு வந்தபோது துளசியக்கா பக்கத்தில் போய்க் கேட்டுவிட்டு, அதே தொண்டைதான் என்று தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு காலையில் பாறையடியில் உட்கார்ந்திருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார்கள். எதிர்ச்சாரலுக்கு முதுகு காட்டி யாரும் உட்காரவும் இல்லை.

வாய்க்கட்டு வந்தது பொள்ளாச்சிப் பக்கத்து வாத்தியார் ஒருவரால். தன் குரல் "ஐயோ அம்மா" என்று அலறுவதைத் தானே கேட்ட அவர், கேட்ட நிமிஷமே துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து அடிவாரம் வரைக்கும் இறங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேட்டி கிழிந்ததோடு சரி. அன்றைக்குச் சாயங்காலமே கமிட்டி கூடியது. குரல் முந்தி வந்திருக்கிறது, அதற்குப் பின்னால் வாய் வர வேண்டும், வாய் வராவிட்டால் அந்தச் சம்பவம் எப்படி வரும் என்று வேலுச்சாமி கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்ல முடியாததெல்லாம் உண்மை என்றுதானே கூட்டங்களில் முடிவாகிறது. மறுநாளிலிருந்து அடிவாரத்தில் மஞ்சளில் நனைத்த துணி கொடுத்தார்கள். கெட்ட குரல் கேட்டவர்கள் அதை வாயில் கட்டி, பின்னந்தலையில் மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். கேட்காதவர்களும், எதற்கும் இருக்கட்டும் என்று கட்டிக்கொண்டார்கள். பங்குனிப் பாதியில் நெட்டமலையில் ஆயிரம் பேர் ஒரு சத்தம் இல்லாமல் ஏறிப் போனார்கள்.

அன்னதானச் சமையற்காரருக்கு மட்டும் அது கொஞ்சம் கோணலாக முடிந்தது. தன் குரல் "பாத்து, பாத்து" என்று சொல்வதைக் கேட்டு மூன்று நாள் வாய்க்கட்டோடு சமைத்தார். மூன்றாம் நாள், இறக்கிவைத்த ரசக்குண்டானைப் பார்க்காமல் பின்பக்கமாக நடந்து வந்த பரிமாறுகிற ஆள்மேல் அது சாய்ந்து, அவன் இரண்டு பாதமும் வெந்துபோனது. சமையற்காரர் எதிரிலேயேதான் நின்றிருந்தார். நல்லவேளை, வாயைக் கட்டியிருந்ததால் இவ்வளவோடு போயிற்று என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வெயில் பாறையின் நெற்றிக்கு வந்த நேரம், பூவாத்தா ஒரு ஈரோட்டுக்காரருக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்ச்சாரலில் இருந்து அவள் குரல் கேட்டது.

"சென்னியப்பா."

மூன்று தடவை. இழுவை இல்லை, அழுகை இல்லை. பின்னால் வண்டி வருகிறது ஒதுங்கு என்று ரோட்டில் போகிறவனுக்குச் சொல்லுகிற மாதிரி, வெட்டி வெட்டி, அவசரமாக. கடையடியில் இருந்த உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற எதையும் விட, அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததுதான் முதலில் அவர்களுக்கு உறைத்தது. நாக்கு மேல பல்லுப் போட்டு எப்படிச் சொல்ல வந்தது உனக்கு என்று துளசியக்கா கேட்டே விட்டாள். நான் எங்கே சொன்னேன் என்று பூவாத்தா சொல்லும்போதே, சொல்லப்போகிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. புருஷன் பெயரை ஒரு பெண் மலையில் நின்று எப்போது கத்துவாள் என்பதும் சேர்ந்து புரிந்தது.

சென்னியப்பன் அப்போது இரண்டு தண்ணீர் கேன்களோடு கடைசித் திருப்பத்தில் ஏறி வந்துகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது. கேன்களை இறக்கிவைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிர்ச்சாரலையே பார்த்து நின்றார். பிறகு கடைக்கு வந்து, அவளைத் தனியே பின்பக்கம் கூட்டிப் போனார். மிரண்டிருப்பார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது.

"நல்லாத்தான் இருக்குது புள்ள, நீ சொல்லிக் கேக்கறக்கு" என்றார். "ஒருக்காச் சொல்லு பாக்கலாம்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த வடிகட்டியை வீசினாள். அவர் சிரித்தார். அழவில்லையே நீ, கூப்பிடத்தானே கூப்பிடுகிறாய், அதற்கு ஏன் இப்படி நடுங்குகிறாய் என்று கேட்டார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குப் புருஷன் இருந்தால் போதும்; அவர் பெயரும் வேண்டாம், அந்தப் பெயரைச் சொல்லுகிற வாயும் வேண்டாம்.

அன்றோடு கடையைத் துளசியக்காவிடம் விட்டுவிட்டு அவரைக் கீழே கூட்டி வந்துவிட்டாள். பத்து நாள் அவரை மலைப்பக்கம் தலைவைக்க விடவில்லை. ஓடு மாற்றச் சொன்னாள், கிணற்றுப் படியில் பாசி சுரண்டச் சொன்னாள், வேலை தீர்ந்தபோது மாற்றிய ஓட்டையே மறுபடியும் மாற்றச் சொன்னாள். அவர் ஒன்றும் சொல்லாமல் செய்தார். செய்துகொண்டே, அவளுக்குக் கேட்கும்படி, தன் பெயரைத் தானே மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்வார், அவள் குரலை மாதிரி வருகிறதா என்று. அந்தப் பத்து நாளும் அவள் வாய்க்கட்டை அவிழ்க்கவில்லை. கஞ்சி குடிக்க மட்டும் ஒரு ஓரம் தூக்குவாள். வேலுச்சாமி வீட்டுக்கே வந்து தைரியம் சொல்லிவிட்டுப் போனார். ஆபத்து அவர் காலில் இல்லை அம்முணி, உன்ற வாயில்தான் இருக்குது, அதை நீ காத்துக்கிட்டா ஆண்டவர் அவரைக் காப்பாத்துவார் என்றார். அதை அவள் ராத்திரியும் பகலும் ஜெபம் மாதிரி மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் காலையில் ஆள் வந்தது. நான்காம் மடிப்பின் உச்சியில் பல்லடத்து பக்தர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டோலிக்கு மூன்று பேர்தான் இருக்கிறார்கள், நான்காவது தோள் இல்லை. சென்னியப்பன் ஓட்டின்மேல் இருந்து இறங்கினார். பூவாத்தா வாசலை மறித்து நின்றாள். வாய்க்கட்டுக்கு உள்ளே இருந்து அவள் என்னென்னவோ சொன்னாள், எதுவும் சொல்லாக வரவில்லை.

"அவனும் எவளோ ஒருத்திக்குப் புருசன்தானே புள்ள" என்றார் அவர்.

அதற்குமேல் அவளால் மறிக்க முடியவில்லை. வழியை விட்டாள். விட்டுவிட்டு அவளும் பின்னாலேயே கிளம்பினாள்.

கூப்பிட்டான் பாறைக்கு வந்தபோது மற்ற மூன்று பேரும் டோலியோடு நின்றிருந்தார்கள். மேலே பனிமூட்டமாக மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது, பார்த்து வர வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பூவாத்தா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து ஒரு சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடிப்பதற்குள் இன்னொன்று ஊற்றினாள். எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நல்லது என்று அவளுக்கு. மற்றவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாங்கள் முன்னால் போகிறோம், நீ எட்டிப் பிடித்துவிடு என்று டோலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். துளசியக்கா பூவாத்தாவின் வாய்க்கட்டை அவிழ்த்து, புதுத் துணி வைத்து, முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டாள். மூன்று முடிச்சு. தாலிக்கும் மூன்றுதான், இதற்கும் மூன்றுதான் என்று சொல்லி அவள் முதுகைத் தட்டினாள்.

நான்காம் மடிப்பு முழுக்கப் புல். இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து சாய்ந்து கிடக்கிற புல், பனி ஈரத்தில் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். மழை வாரிக்கொண்டு போன பழைய தடம் நேராகச் சமமாகப் போகும். வனக்காரர்கள் புதிதாக வெட்டிய தடம் வலது பக்கமாகப் பிரிந்து ஏறும், அது பிரிகிற இடத்தில் சுண்ணாம்பு அடித்த கற்களை வைத்திருந்தார்கள். வெயில் நாளில் அந்த வெள்ளைக் கல் அரைக் காதத்துக்குத் தெரியும். அன்றைக்கு மஞ்சும் வெள்ளை, கல்லும் வெள்ளை. முன்னால் போன மூன்று பேர் நிதானமாகத் தேடிப் பார்த்து வலது பக்கம் ஏறிவிட்டார்கள். சென்னியப்பன் அவர்களை எட்டிப் பிடிக்கிற வேகத்தில் இருந்தார். வேகமாக நடக்கிறவனுக்குக் கண் வழி காட்டுவதில்லை, கால்தான் காட்டும். அவர் காலுக்கு இருபது வருஷமாகத் தெரிந்த வழி ஒன்றுதான்.

பூவாத்தா முப்பது நாற்பது அடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். வாய்க்கட்டுக்குள் மூச்சு முட்டியது. மஞ்சுக்குள் அவர் துண்டின் சிவப்பு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. வெள்ளைக் கல் அவள் காலில்தான் இடறியது. குனிந்து பார்த்து, நிமிர்ந்து, வலது பக்கம் பார்த்தாள். சிவப்பு அங்கே இல்லை. அந்த நேரம் பார்த்துப் பள்ளத்தில் இருந்து ஒரு காற்று எழும்பி, மஞ்சை ஒரு திரையை விலக்குகிற மாதிரி ஓரமாக ஒதுக்கியது. அவர் பழைய தடத்தில் போய்க்கொண்டிருந்தார். கைகளை வீசிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு, சொந்த வீட்டு முற்றத்தில் நடக்கிறவர் மாதிரி போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு எட்டில் புல் முடிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. புல் சாய்ந்து மூடியிருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை, கல் வைத்த மேட்டில் நின்ற அவளுக்குத் தெரிந்தது.

அந்தப் பெயர் தானாகவே அடிவயிற்றில் இருந்து புறப்பட்டுத் தொண்டைக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக வராதது, யாரும் கூப்பிடாமல், அவ்வளவு சுலபமாக வந்தது. இதுதான் அது, இதுதான் மலை சொன்ன இடம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. வாய் வராவிட்டால் அது எப்படி வரும், வாய் வராவிட்டால் அது எப்படி வரும். இரண்டு கையையும் வாய்க்கட்டின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு அவரைப் பார்த்து ஓடினாள். ஓடுகிறவளுக்குக் கை வேண்டும். அவள் கை இரண்டும் வாயில் இருந்தன. ஈரப்புல்லில் கால் சறுக்கி முழங்காலில் விழுந்தாள். விழுந்தும் கையை எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு அவர் நின்றார். திரும்பினார். அதற்குள் மஞ்சு அவர்கள் இருவருக்கும் நடுவே மூடிவிட்டது.

"புள்ள, பின்னால வர்றயா?" என்று கேட்டார்.

அவள் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வடிந்து துணி நனைந்தது. அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறவளிடம் கேட்டால் எங்கே சொல்லப்போகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிச் சிரிப்பது அவளுக்குக் கேட்டது. அவர் நடக்க ஆரம்பித்ததும் கேட்டது. அவள் ஒவ்வொரு எட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு எட்டு கேட்கவில்லை. அவர் கத்தவில்லை. கற்கள் மட்டும் கொஞ்ச நேரம் கீழே போய்க்கொண்டிருந்தன.

மூன்று முடிச்சையும் அவள் எப்படிப் பிய்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. புல்லின் ஓரத்தில் மண்டியிட்டு, "சென்னியப்பா" என்று கூப்பிட்டாள். மூன்று தடவை கூப்பிட்டாள், முப்பது தடவை கூப்பிட்டாள். முன்னால் போனவர்கள் டோலியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். கீழே கூப்பிட்டான் பாறையடியில் துளசியக்கா எழுந்து நின்றாள். எதிர்ச்சாரல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் கயிறு கட்டி இறங்கி அவரை எடுத்தார்கள். பல்லடத்துக்காரர் பிழைத்துக்கொண்டார், அவர் மனைவி அடிவாரத்துக்கு வந்து பூவாத்தாவின் காலில் விழுந்து அழுதாள். கமிட்டி கூடி இரண்டு முடிவு எடுத்தது: பழைய தடத்தை முள் போட்டு அடைப்பது, ஒரு துணி போதவில்லை என்று தெரிந்துவிட்டதால் இனி எல்லோரும் இரண்டு துணி கட்டுவது. வாயை நன்றாகக் காத்தும் நடந்ததென்றால், அந்த அம்மா கீழே வீட்டில் கஞ்சி குடிக்கும்போது ஒரு ஓரம் தூக்கியது காரணமாக இருக்கும் என்று வேலுச்சாமி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் நம்பினார்.

சித்திரை பிறந்து கருமாதியும் முடிந்தபோது, மகள் கூப்பிட்டும் போகாமல், பூவாத்தா மலை ஏறி வந்தாள். கடையைப் பார்க்கவில்லை. நேராகப் பாறைமேல் ஏறி நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இனி யாருடைய ஆயுசும் குறைய வழியில்லை, கூசாமல் கூப்பிட்டாள். நெஞ்சு பிளந்து, இழுத்து இழுத்து, கடைசி எழுத்து அழுகையில் கரைந்துபோக அந்தப் பெயர் பள்ளத்தில் விழுந்தது. மலை பேசாமல் இருந்தது. அதுதான் முந்தியே சொல்லிவிட்டதே என்று அவள் துளசியக்காவிடம் சொன்னாள்.

துளசியக்கா மோர்ப்பானையை மூடிவைத்தாள். அவள் மலைக் குரல்களையும் மனுஷர் குரல்களையும் மாசியில் இருந்து ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள். சொல்லலாமா வேண்டாமா என்று பதினாறு நாளாக யோசித்ததை, அடக்க முடியாமல், அப்போது சொன்னாள்.

"அன்னைக்குக் கேட்டது இது இல்ல அம்முணி. அன்னைக்கு நீ அழுகல. நில்லுங்கன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு."

பூவாத்தா பாறைமேல் அப்படியே நின்றாள். வெட்டி வெட்டி, அவசரமாக, பின்னால் வண்டி வருகிறது ஒதுங்கு என்கிற மாதிரி வந்த அந்தக் குரல் அவள் காதில் முழுசாகத் திரும்பி வந்தது. அது போனவரைக் கூப்பிட்ட குரல் இல்லை. போகிறவரை நிறுத்துகிற குரல். தொண்டை வரைக்கும் வந்து நின்றதே, அது. அவர் திரும்பி நின்று கேட்டாரே, அப்போது வெளியே வந்திருக்க வேண்டியது. கூப்பிடத்தானே கூப்பிடுகிறாய் என்று அவர் அப்போதே சொன்னார்.

அவள் அழுகையைத் துடைத்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் குரலில், ஒரு மாத்திரை கூடாமல் குறையாமல், "சென்னியப்பா" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். அச்சு அசல் அதுவேதான் என்று துளசியக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த அதட்டலில் பாறையடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஒதுங்கியது. கேட்டவர் எவராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நின்றிருப்பார்.

பாறைக்குக் கீழே, மூன்றாம் மடிப்பில் ஏறி வந்துகொண்டிருந்த வரிசை அதைக் கேட்டு மிரண்டு நின்றது. யாருக்கு வந்த குரலோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, எல்லோரும் பின்னந்தலைக்குக் கையைக் கொண்டுபோய் முடிச்சுகளை இறுக்கிக்கொண்டார்கள். வரிசை மறுபடி நகர்ந்தது. முன்னால் போனவரின் குதிகாலுக்கு அடியில் ஒரு கல் பெயர்ந்து ஆடுவதைப் பின்னால் வந்தவர் பார்த்தார். பார்த்து, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.